மஞ்சள் எழுத்து மிரட்டுதா?

அதியமான்கோட்டையில இருந்து ஒரு கேள்வி வந்திருக்கு. எழுதினவர் இறுதியாண்டு மாணவர். பேரு போட வேணாம்னு கேட்டுக்கிட்டதால போடல. அவரோட ப்ராஜெக்ட், மழைக்கணக்கு. மழைமானியில தினமும் பதிவான அளவை எடுத்து மாசாமாசம் சராசரி போடுற பைத்தான் புரோகிராம். அதுக்கு டெஸ்ட்டும் எழுதியிருக்கார் (இதுக்கே ஒரு சபாஷ்! பாதிப் பேர் ரெண்டு தடவை ஓட்டிப் பார்த்துட்டு 'டெஸ்டிங் முடிஞ்சுது'ன்னு ரெக்கார்டுல எழுதிடறாங்க).

பிரச்னையை அவர் வார்த்தையிலேயே கேளுங்க: "எல்லா டெஸ்ட்டும் பாஸ் ஆகுது சார். ஆனா கடைசி வரி பச்சையா வராம மஞ்சளா வருது. அதுக்கு மேல 'ரன்டைம்வார்னிங்: மீன் ஆஃப் எம்ப்டி ஸ்லைஸ்'னு ஒரு பத்தி. பதிவே இல்லாத மாசத்தை வேணும்னேதான் டெஸ்ட்ல கொடுத்திருக்கேன், அதனால அது வரும்னு எனக்குத் தெரியும். ரிவ்யூல கைடு பார்த்தா கேள்வி கேட்பார். பைடெஸ்ட் செட்டிங் ஃபைல்ல 'ஃபில்டர்வார்னிங்ஸ் = இக்னோர்'னு ஒரே ஒரு வரி போடு, எல்லாம் காணாமப் போயிடும்னு ரூம்மேட் சொல்றான். போடலாமா?"

போடாதீங்க. அதுக்காக அந்த வார்னிங்கைக் கடைசி வரைக்கும் பார்த்துக்கிட்டே இருக்கணும்னும் இல்ல. மறைக்கலாம், தப்பே இல்ல. 'எல்லாம் காணாமப் போயிடும்'கிறதுலதான் சிக்கல்.

முதல்ல எர்ரருக்கும் வார்னிங்குக்கும் உள்ள வித்தியாசம். எர்ரர் வந்தா புரோகிராம் நிக்கும். வார்னிங் வந்தா நிக்காது. சேதியைச் சொல்லிட்டு வேலையைத் தொடரும், ஒரு விடையையும் கையில கொடுக்கும். அதியமான்கோட்டைக்காரருக்கு அவ்வையார் தூது போன கதையைச் சொல்லித் தரணுமா என்ன? தொண்டைமானோட ஆயுதசாலையைப் பார்த்து 'ஆஹா, எல்லாம் எவ்வளவு பளபளப்பா இருக்கு, எங்க அதியமானோடது எல்லாம் உடைஞ்சு கொல்லன் பட்டறையில கிடக்கே'ன்னு அவ்வை சொன்னாங்களே, அது எர்ரர் இல்ல, வார்னிங். கேக்கறவனுக்குப் புத்தி இருந்தா புரியும். புரியலைன்னா போரு அதுபாட்டுக்கு நடக்கும்.

நம்ம நண்பர் கேஸ்ல என்ன நடக்குது? நம்பை லைப்ரரியில 'நேன்மீன்'னு ஒரு ஃபங்ஷன் (மீன்கடை சமாச்சாரம் இல்ல, சராசரி!). காலி இடங்களை விட்டுட்டு மீதி இருக்கிற அளவுக்கு மட்டும் சராசரி போடும். மாசம் முழுக்கக் காலியா இருந்தா எதை வெச்சு சராசரி போடறது? அதனால 'நேன்', அதாவது 'எண் இல்லை'ங்கிற விடையைக் கொடுத்துட்டு, கூடவே ஒரு ரன்டைம்வார்னிங்கையும் தட்டி விடுது. அது செய்யறது சரிதான். மார்ச்ல ஒரு சொட்டு கூட மழை இல்லைங்கிறது வேற, மார்ச்ல யாரும் மழைமானியைப் பார்த்து எழுதலைங்கிறது வேற. முதலாவதுக்கு விடை 0. ரெண்டாவதுக்கு விடையே கிடையாது. ரெண்டையும் ஒண்ணாக்கி 0ன்னு போட்டா வறட்சிக் கணக்கே தப்பாயிடும். அதைத்தான் நண்பர் டெஸ்ட் பண்றார். ஆக, வார்னிங் வர்றது எதிர்பார்த்ததுதான்.

இப்ப ரூம்மேட்டோட ஒரு வரிக்கு வருவோம். ஒரு உதாரணம் சொல்றேன், கொஞ்சம் கணக்கு இருக்கு, பொறுமையாப் படிங்க. இதே ப்ராஜெக்ட்ல மொத்த மழையைக் கூட்டுற இன்னொரு ஃபங்ஷன் இருக்குன்னு வெச்சுக்கோங்க. மெமரியை மிச்சம் பிடிக்கிறதுக்காக மழை அளவைப் பத்தால பெருக்கி, 16 பிட் முழு எண்ணா சேமிச்சிருக்கீங்க. அதாவது 12.4 மி.மீ. மழையை 124ன்னு. 'டோட்டல் = 0'ன்னு ஆரம்பிச்சு, ஒவ்வொரு நாளையும் எடுத்துக் கூட்டிக்கிட்டே போற சாதாரண ஃபார் லூப். நம்பை பழைய வெர்ஷன்ல இது ஜம்முன்னு ஓடும். ஏன்னா அந்த 0 பைத்தானோட சொந்த எண், அதோட 16 பிட் எண்ணைக் கூட்டினா விடையைப் பெரிய பாத்திரத்துக்கு மாத்திடும்.

2024 ஜூன்ல நம்பை 2.0 வந்தது. அதுல இந்த விதி மாறிடுச்சு. பைத்தானோட சாதா எண் இப்ப நம்பை எண்ணோட அளவுக்கு அடங்கிப் போகணும். அதனால டோட்டலும் 16 பிட்தான். அந்தப் பாத்திரத்துல பிடிக்கிற அதிகபட்ச எண் 32,767. வருஷத்துக்கு 850 மி.மீ. மழைன்னு வெச்சா, எட்டு வருஷத்துக்கு 6,800 மி.மீ. பத்தால பெருக்கினா 68,000. பாத்திரம் நிரம்பி, மைனஸ் பக்கம் போயி, மறுபடி சுத்தி வந்து 2,464ல நிக்கும். திரையில உங்களுக்குக் கிடைக்கிற விடை: எட்டு வருஷத்துக்கு 246.4 மி.மீ. மழை!

மைனஸ்ல நின்னிருந்தா பார்த்ததும் கண்டுபிடிச்சிருப்பீங்க. இது ப்ளஸ்ல நிக்குது. 'விடை 0க்கு மேல இருக்கணும்'னு மட்டும் சரிபார்க்கிற டெஸ்ட் இருந்தா அதுவும் பாஸ். புரோகிராமும் நிக்காது. இந்தக் கோளாறை வெளியில சொல்ல இருக்கிற ஒரே ஆள் ஒரு மஞ்சள் எழுத்துதான். 'ஓவர்ஃப்ளோ என்கவுன்டர்டு இன் ஸ்கேலர் ஆட்'னு கத்தும். அது என்ன ரகம் தெரியுமா? அதுவும் ரன்டைம்வார்னிங்! 'எல்லாத்தையும் விட வேணாம், ரன்டைம்வார்னிங்கை மட்டும் இக்னோர் பண்றேன்'னு நீங்க கெட்டிக்காரத்தனமா எழுதியிருந்தாலும் காலி மாசத்தோட சேர்ந்து இதுவும் அடிபட்டுப் போயிருக்கும்.

சரி, இது நானாப் போட்ட உதாரணம். நிஜத்துல நடந்த ஒண்ணு இருக்கு, அது இதை விட மோசம்.

டெபியன் லினக்ஸ் தெரியும்தானே? உபுண்டு அதுல இருந்து கிளைச்சது. சென்னை சி-டாக்ல உருவான பாஸ் லினக்ஸுக்கும் அடிப்படை அதுதான். அந்த டெபியன்ல ஓப்பன்எஸ்எஸ்எல்னு ஒரு பேக்கேஜ். பாஸ்வேர்டு, ரகசியச் சாவி, பாதுகாப்பான இணைப்பு எல்லாத்துக்கும் அடிமடியில இருக்கிறது. வால்கிரைண்டுன்னு ஒரு டூல், புரோகிராம் ஓடும்போதே கூட உட்கார்ந்து கவனிச்சு, 'இங்க மதிப்பு கொடுக்காத மெமரியைப் பயன்படுத்தறே'ன்னு வார்னிங் கொடுக்கும். ஓப்பன்எஸ்எஸ்எல்லைப் பயன்படுத்துற புரோகிராமை அதுல போட்டா இந்த வார்னிங் கொட்டோ கொட்டுன்னு கொட்டும். டெவலப்பர்களுக்கு ஒரே எரிச்சல்.

2006 செப்டம்பர்ல டெபியன் தரப்புல அந்த வார்னிங்கை அடக்கினாங்க. எப்படி? வார்னிங்குக்குக் காரணமா தெரிஞ்ச வரியைக் கமெண்ட் ஆக்கிட்டாங்க. ஒரே மாதிரி இருக்கிற ரெண்டு வரி, ரெண்டு வேற வேற இடத்துல. ஒண்ணைத் தூக்கினதால எந்த நஷ்டமும் இல்ல. ஆனா இன்னொண்ணு இருக்கே, வெளியில இருந்து வர்ற 'ரேண்டம்' சரக்கையெல்லாம் உள்ளே ஊத்துற வாய்க்கால் அதுதான். அதை அடைச்சதும் சாவி உருவாக்க மிச்சம் இருந்த ஒரே ரகசியம், அந்த நேரத்து புராசஸ் நம்பர். அது போகக்கூடிய எல்லை 32,767 (மழைக்கணக்குல பார்த்த அதே எண்தான். ரெண்டுக்கும் பின்னால இருக்கிறது 15 பிட்). கோடானுகோடி சாவியில ஒண்ணா இருக்க வேண்டியது, ஒரு வகைக்கு முப்பத்திரண்டாயிரத்துச் சொச்சத்துல ஒண்ணாச் சுருங்கிப் போச்சு. ஒரு சாதாரண கம்ப்யூட்டர் எல்லாத்தையும் உருவாக்கி வரிசையாப் போட்டுப் பார்த்துடும்.

வார்னிங் நின்னுடுச்சு. எல்லாம் ஓடிச்சு. சாவிகளும் பார்க்க சாவி மாதிரியே இருந்துச்சு. லூசியானோ பெல்லோங்கிற டெபியன் டெவலப்பர் கண்டுபிடிச்சு, 2008 மே 13ம் தேதி அறிவிப்பு வர்ற வரைக்கும் ஒண்ணரை வருஷத்துக்கு மேல யாருக்கும் தெரியல. அப்புறம் உலகம் முழுக்க சர்வர்காரங்க உட்கார்ந்து பழைய சாவியைத் தூக்கிப் போட்டு, புதுசு செஞ்சாங்க. இதுல வேடிக்கை என்னன்னா, இந்த வார்னிங் வரும்னு ஓப்பன்எஸ்எஸ்எல் காரங்களுக்கே தெரியும். டெஸ்ட் பண்ணும்போது மட்டும் அதை அடக்கிக்கிறதுக்குத் தனியா ஒரு கம்பைல் ஆப்ஷனே வெச்சிருந்தாங்க!

இதுல இருந்து நண்பருக்கு நேரா ஒரு வழி கிடைக்குது. வார்னிங்கை அடக்குற வேலையை டெஸ்ட்டுக்குள்ள வெச்சுக்கோங்க, மெயின் புரோகிராம்ல கை வைக்காதீங்க. டெஸ்ட்டுக்குள்ளயும் அடக்கறதை விட ஒரு படி மேல போகலாம். 'இது வரும்னு எதிர்பார்க்கிறேன், வரலைன்னா ஃபெயில் பண்ணு'ன்னு எழுதலாம்.

பைடெஸ்ட்ல அதுக்கு 'பைடெஸ்ட் டாட் வார்ன்ஸ்'னு ஒண்ணு இருக்கு (கமாண்டை எல்லாம் உச்சரிப்புப்படி தமிழ்ல தர்றேன், டைப் அடிக்கும்போது இங்கிலீஷ்). 'வித்' போட்டு அதை எழுதி, அடைப்புக்குள்ள ரன்டைம்வார்னிங்ங்கிற ரகத்தையும், 'மேட்ச்'ங்கிற இடத்துல 'மீன் ஆஃப் எம்ப்டி ஸ்லைஸ்'ங்கிற வாசகத்தையும் கொடுங்க. அதுக்குக் கீழ, உள்தள்ளி, காலி மாசத்துக்கு சராசரி கேக்குற ஒரே ஒரு வரி. அவ்வளவுதான். அந்த வார்னிங் வந்தா அது பிடிபட்டுடும், மஞ்சள் பட்டியல்ல வராது. கடைசி வரி பச்சை. வரலைன்னா டெஸ்ட் ஃபெயில், சிவப்பு. நாளைக்கு யாராவது அந்த ஃபங்ஷனைத் திருத்தி, காலி மாசத்துக்கு 0ன்னு விடை வர்ற மாதிரி பண்ணிட்டா? வார்னிங் வராது, டெஸ்ட் உடனே காட்டிக் கொடுக்கும். வெறுமனே இக்னோர் பண்ணியிருந்தா வார்னிங் நின்னது கூட உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது.

'மேட்ச்' கொடுக்க சோம்பேறித்தனப்படாதீங்க. அது இல்லைன்னா ஓவர்ஃப்ளோ வார்னிங் வந்தாலும் 'ஆமா, ரன்டைம்வார்னிங் வந்துச்சு'ன்னு டெஸ்ட் பாஸ் ஆயிடும். 2024ல வந்த பைடெஸ்ட் 8ல இன்னொரு நல்லதும் நடந்திருக்கு. முன்னால எல்லாம் வார்ன்ஸ் பிளாக்குக்குள்ள வேற ஏதாவது வார்னிங் வந்தா அதையும் சேர்த்து முழுங்கிடும். இப்ப நீங்க கேட்டதை மட்டும் வெச்சுக்கிட்டு மீதியைத் திருப்பி வெளியில விட்டுடுது. லேப்ல பழைய வெர்ஷன் இருந்தா, பிளாக்கை எவ்வளவு சின்னதா வெக்க முடியுமோ அவ்வளவு சின்னதா வைங்க.

பைடெஸ்ட் இல்லாம பைத்தானோட கூடவே வர்ற யூனிட்டெஸ்ட்ல எழுதறவங்களுக்கு 'அசர்ட்வார்ன்ஸ்', வாசகத்தையும் பார்க்கணும்னா 'அசர்ட்வார்ன்ஸ்ரீஜெக்ஸ்'. பைத்தான் 3.2ல இருந்தே இருக்கு. நானே கையால 'கேட்ச் அண்டர்ஸ்கோர் வார்னிங்ஸ்' போட்டு எழுதுவேன்னு அடம் பிடிக்கிறவங்க, உள்ளே முதல் வரியா சிம்பிள்ஃபில்டரை 'ஆல்வேஸ்'னு வைக்கணும். பைத்தான் வழக்கமா ஒரே வரியில இருந்து வர்ற ஒரே வார்னிங்கை ஒரு தடவைதான் சொல்லும். முதல் டெஸ்ட்ல சொல்லிட்டா ரெண்டாவது டெஸ்ட்ல வாயே திறக்காது. தனியா ஓட்டினா பாஸ், சேர்த்து ஓட்டினா ஃபெயில்னு தலையைப் பிய்ச்சுக்கற கேஸ்ல பாதி இதுதான்.

இன்னொரு பொறி. நம்பையில 'எர்ஸ்டேட்'னு ஒண்ணு இருக்கு. பூஜ்யத்தால வகுக்கிறது, ஓவர்ஃப்ளோ மாதிரி கணக்கு வார்னிங்கை ஒரு பிளாக்குக்குள்ள மட்டும் அடக்க அருமையான கருவி. ஆனா நேன்மீன் கொடுக்கிற 'எம்ப்டி ஸ்லைஸ்' வார்னிங்குக்கு அது எடுபடாது. அது பைத்தானோட பொதுவான வார்னிங் வழியா வர்றது. ரெண்டும் திரையில ஒரே மாதிரி தெரியும், வர்ற வழி வேற.

இன்னொரு யோசனை, நண்பர் கேக்காததுதான், இருந்தாலும் சொல்றேன். மாசம் காலியா இருக்கலாம்னு உங்களுக்கு முன்கூட்டியே தெரியும்ல? அப்ப நம்பை வந்து 'எம்ப்டி ஸ்லைஸ்'னு புரியாத பாஷையில சொல்ற வரைக்கும் ஏன் காத்திருக்கணும்? உங்க ஃபங்ஷனிலேயே முதல்ல 'ஒரு நாள் கூடப் பதிவு இல்லையா?'ன்னு பார்த்துட்டு, நீங்களே ஒரு வார்னிங் கொடுங்க. எந்த மழைமானி, எந்த மாசம்னு பேரோட. புரோகிராமைப் பயன்படுத்தப் போறவருக்கு அதுதான் உதவும். டெஸ்ட்லயும் அந்த வாசகத்தையே 'மேட்ச்' பண்ணுங்க. என்னைக் கேட்டா இதுதான் முதல் மார்க் வாங்குற விடை. வார்ன்ஸ் பிளாக் மட்டும் போடறது ரெண்டாவது. ரூம்மேட் ஐடியாவுக்கு மார்க் கிடையாது!

(அந்த இக்னோர் வரியை செட்டிங் ஃபைல்ல போடாம டெஸ்ட் ஃபைலோட தலையில போடறவங்களும் உண்டு. பைடெஸ்ட்ல அது பலிக்காது. ஒவ்வொரு டெஸ்ட்டுக்கும் ஃபில்டரைப் புதுசா வெச்சுக்கிட்டு ஆரம்பிக்கிறதால நீங்க போட்டது காத்துல போயிடும். 'போட்டேன், ஆனா வேலை செய்யல'ன்னு புலம்பறவங்க கவனிக்க.)

இவ்வளவு மெனக்கெட்டு ஒரே ஒரு மஞ்சள் பத்தியை ஏன் துடைக்கணும், அப்படியே விட்டுட்டா என்னன்னு கேக்கலாம். விடக் கூடாது. உங்க ஊர்ல இருந்து சேலம் போற பாதையில தொப்பூர் கணவாய் இருக்கே. இறக்கத்துல வண்டியை நியூட்ரல்ல விடாதேன்னு லாரிக்காரங்களுக்கு சொல்லிக்கிட்டே இருக்காங்க. அந்த போர்டைக் கணவாய்ல மட்டும் வெச்சா டிரைவர் நிமிர்ந்து பார்ப்பார். கிருஷ்ணகிரியில இருந்து ஃபர்லாங்குக்கு ஒண்ணா வெச்சுக்கிட்டே வந்தா? கணவாய் வரும்போது அது வெறும் மைல்கல். எதிர்பார்த்த வார்னிங்கை டெஸ்ட்ல விட்டு வெச்சாலும் இதே கதிதான். இன்னிக்கு ஒண்ணு, செமஸ்டர் முடியறதுக்குள்ள நாப்பது. நாப்பத்தியொண்ணாவதா ஓவர்ஃப்ளோ வந்து நிக்கும், ஒருத்தரும் படிக்க மாட்டாங்க.

நாளைக்கு இதே ஊர்ல இருந்து 844 நெடுஞ்சாலையைப் பிடிச்சு, பாலக்கோடு, ராயக்கோட்டை தாண்டி ஓசூர், பெங்களூருன்னு வேலைக்குப் போறவங்க நிறையப் பேர். அங்க முதல் நாள் கையில கொடுக்கிற பழைய கோடு, ஓட்டினதும் முந்நூறு வார்னிங் கொடுக்கும். 'அதைக் கண்டுக்காதே தம்பி, எப்பவும் அப்படித்தான்'னு சீனியர் சொல்வார். அந்த முந்நூறுல எது நிஜம்னு அந்த சீனியருக்கும் தெரியாது. பைத்தான்ல 'இம்ப்'னு ஒரு மாட்யூல் இருந்துச்சு. 2014ல வந்த 3.4லயே 'இதைக் கைவிடப் போறோம்'னு அறிவிச்சுட்டாங்க. நிஜமாவே தூக்கினது 2023ல வந்த 3.12ல. ஒன்பது வருஷ அவகாசம்! வார்னிங்கைக் கண்டுக்காதவங்களுக்கு மட்டும் 3.12க்கு மாறின அன்னிக்கு 'அப்படி ஒரு மாட்யூலே இல்லை'ன்னு எர்ரர் வந்து நின்னுச்சு.

மத்த பாஷைக்காரங்க கோவிச்சுக்கக் கூடாதுன்னு சுருக்கமா. பெர்ல்ல ஒரு காலத்துல வார்னிங்னா புரோகிராம் முழுக்க ஆன், இல்லைன்னா முழுக்க ஆஃப். 2000ல வந்த 5.6ல இருந்து, வளைவு அடைப்புக்குள்ள மட்டும், 'நோ வார்னிங்ஸ்'னு எழுதிப் பக்கத்துல எந்த ரகம்னும் சொல்லி அடக்கலாம். டெஸ்ட்டுக்கு 'டெஸ்ட் வார்ன்' மாட்யூல் இருக்கு. ஆர் மொழியில 'சப்ரெஸ்வார்னிங்ஸ்' கையில இருந்தாலும் டெஸ்ட்ல 'எக்ஸ்பெக்ட் அண்டர்ஸ்கோர் வார்னிங்'கைப் பிடிங்க. பிஎச்பியில ஃபங்ஷனுக்கு முன்னால ஒரு 'அட்' குறி போட்டா போதும், வாயை மூடிடும். அந்த ஒத்தை எழுத்தால மண்டை காய்ஞ்சவங்க எத்தனை பேர்! 2020ல பிஎச்பி 8 வந்தப்ப, புரோகிராமையே நிறுத்துற எர்ரரையும் அது மறைச்சுக்கிட்டு இருந்ததை ஒருவழியா நிறுத்தினாங்க.

கடைசியா ஒரு வீட்டுவேலை. ரூம்மேட் சொன்ன அதே செட்டிங் ஃபைலைத் திறங்க. அதே 'ஃபில்டர்வார்னிங்ஸ்' வரியில இக்னோருக்குப் பதிலா 'எர்ரர்'னு போடுங்க. இனிமே நீங்க எதிர்பார்க்காத எந்த வார்னிங் வந்தாலும் டெஸ்ட் ஃபெயில். பைடெஸ்ட் இல்லாதவங்க, பைத்தானைக் கூப்பிடும்போது பெரிய டபிள்யூ ஆப்ஷனோட எர்ரர்னு கொடுத்தாப் போதும். முதல் தடவை ஓட்டும்போது நிறைய விழும், பயப்படாதீங்க. உங்க கோடுல இருந்து வர்றதைத் திருத்துங்க. வேணும்னே வரவழைக்கிறதுக்கு வார்ன்ஸ் பிளாக். நீங்க கை வைக்க முடியாத லைப்ரரிக்குள்ள இருந்து வர்றதுக்கு மட்டும், 'எர்ரர்' வரிக்குக் கீழ, வாசகத்தையும் ரகத்தையும் சொல்லி ஒரு இக்னோர் கொடுங்க. கீழ இருக்கிற வரிக்குத்தான் முன்னுரிமை, அதனால வரிசை முக்கியம். பக்கத்துல ஒரு கமெண்ட்: ஏன் மறைச்சீங்க, லைப்ரரியோட எந்த வெர்ஷன்ல, எப்ப எடுக்கலாம்.